எந்த நாளின் விலை?

டிட்வா புயல் இலங்கைக்கு வந்துபோய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. 2025 டிசம்பர் ஆரம்பம். மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் தண்ணீர் இன்னும் வடிந்து முடியவில்லை, மலையகத்தில் மண்ணுக்குள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்து விழுந்தது. வெள்ளம் ஏறிய காணி, உடைந்த வீடு, எந்த நிலையில் இருந்தாலும் வாங்கப்படும், உடன் காசு, உறுதிப் பத்திரம் கைவசம் இல்லாவிட்டாலும் பேசிக்கொள்ளலாம் என்று எழுதி, கீழே ஒரு தொலைபேசி எண். கொஞ்ச நேரத்தில் ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். இன்னொருவர், "கஷ்டத்தில இருக்கிற ஆக்களுக்கு உதவியா இருக்கும், பகிருங்க" என்றார்.

அதை நீக்குங்கள் என்று நான் எழுதப்போக, குழுவில் பெரிய வாக்குவாதமாகிவிட்டது. அன்றிரவு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்குத் தனியாக அழைப்பெடுத்தார். நான் மதிக்கும் மனிதர். கோபமில்லாமல்தான் கேட்டார்: "தம்பி, விக்கிறவர் விருப்பத்தோட விக்கிறார், வாங்கிறவர் காசு குடுத்து வாங்கிறார். நொத்தாரிசுக்கு முன்னால சாட்சி வச்சுக் கையெழுத்துப் போடுறாங்க. இதில உங்களுக்கு எங்க நோகுது?" நேர்மையான கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வியும்கூட. எங்கே நோகிறது என்று சரியாகச் சொல்வதென்றால் என் பெரியம்மாவின் வளவைப் பற்றிச் சொல்ல வேண்டும், பிறகு சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது புரியும்.

நாவலடி வளவு

மட்டக்களப்பாருக்கு நாவலடியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 காலை சுனாமியில் அங்கே நடந்ததையும் நான் எழுதப் போவதில்லை. பெரியம்மாவின் வீட்டில் மிஞ்சியது அத்திவாரமும் கிணற்றுக் கட்டும்தான். அவருடைய மகன், என் அண்ணாவின் உடல் கிடைக்கவேயில்லை. அந்த வளவு பெரியம்மாவுக்குச் சீதனமாக வந்தது, அவருடைய தாய்க்கும் அது சீதனமாக வந்ததுதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், கல்யாணம் முடித்து மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ஆகவே அடுத்தது பெரியம்மாவின் மகளான அக்காவுக்கு என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவான விஷயம்.

முதலில் பள்ளிக்கூடம், பிறகு கூடாரம், பிறகு திராய்மடுவில் தகரக் கொட்டில். அதற்குள் கரையோரத் தடைவலயம், அதாவது கடலோரம் வீடு கட்டக் கூடாத பகுதி, அறிவிக்கப்பட்டிருந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். எங்கள் பக்கத்துக்கு மட்டும் ஏன் இரண்டு மடங்கு என்று அப்போதே எல்லோரும் கேட்டார்கள். வலயத்துக்கு வெளியே வீடு முழுதாக அழிந்தவர்களுக்குத் திருப்பிக் கட்ட 250,000 ரூபாய் தவணை தவணையாகக் கிடைத்தது. உள்ளே இருந்தவர்களுக்கு அந்தக் காசு இல்லை, வேறிடத்தில் வீடு தருவோம் என்ற வாக்குறுதிதான். நாவலடி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக ஒடுங்கிய மணல்திட்டு. அதில் 200 மீற்றரை அளந்தால் பெரியம்மாவின் வளவில் ஒரு அடிகூட மிஞ்சாது.

புரோக்கர் வந்தது அந்த நாட்களில்தான். எங்கிருந்தோ வந்த ஆளில்லை, எல்லோருக்கும் தெரிந்த முகம். கையில் ஒரு பால்மாப் பெட்டியோடு வந்து, கொட்டிலுக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்து, சுகம் விசாரித்து, அண்ணாவைப் பற்றிக் கேட்டு, பிறகு பையிலிருந்து ஒரு போட்டோக்கொப்பியை எடுத்தார். அது பெரியம்மாவின் காணி உறுதியின் பிரதி. பெரியம்மா வைத்திருந்த உறுதி அலுமாரியோடு கடலுக்குப் போய்விட்டிருந்தது. இனி எதைக் காட்டிக் காணி என்னுடையது என்று சொல்வேன் என்று அவர் சொல்லிச் சொல்லி அழுத காலம் அது. காணிப் பதிவகத்தின் ஏடு யாரும் பார்க்கக்கூடிய ஏடு, கட்டணம் கட்டினால் எவரும் பிரதி எடுக்கலாம், அதில் சட்டப் பிழை எதுவும் கிடையாது. கொட்டிலில் இருந்த பெரியம்மாவுக்கு அந்த வழி தெரியாது. வாங்க வந்தவருக்குத் தெரியும். அவர் நாலு எல்லையையும் வாசித்துக் காட்டினார், கிழக்கே கடற்கரை என்பது வரைக்கும். தன் தாயின் பெயர் அந்தக் கடதாசியில் இருப்பதைக் கண்டதும் அம்மா அந்த ஆளை நம்பிவிட்டா என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

அவர் சொன்னதும் அக்காவுக்கு மறக்கவில்லை. "அக்கா, இனி அங்க ஒரு கல்லு வைக்க விடமாட்டாங்க. நாளைக்கு அரசாங்கம் சும்மா எடுத்திடும். எனக்குத் தெரிஞ்ச ஒருவர் வாங்கிறன் எண்டு நிக்கிறார், அவர் மனம் மாற முதல் முடிச்சிடுங்க. மறுகா யோசிச்சா காசும் இல்ல, காணியும் இல்ல." இதில் எது பொய்? அன்றைய நிலவரத்துக்கு ஒன்றுமே பொய்யில்லை. பெரியம்மா கையெழுத்து வைத்தார். கிடைத்த காசில் ஒரு தையல் மெசின் வாங்கினார்கள், அக்காவின் உயர்தரப் படிப்பு முடியும்வரை வீட்டுச் செலவு ஓடியது. அவ்வளவுதான் அந்த வளவின் விலை.

உறுதி முடித்த விதத்திலும் குறை சொல்ல இடமில்லை. அசையாச் சொத்தை விற்பதென்றால் எழுத்தில், நொத்தாரிசுக்கும் குறைந்தது இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்திட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அப்படித்தான் நடந்தது. நொத்தாரிசு வாசித்தும் காட்டினார். சாட்சிகள் இரண்டு பேரும் புரோக்கரோடு ஒரே முச்சக்கரவண்டியில் வந்து இறங்கியவர்கள் என்பதைச் சட்டம் கேட்பதில்லை. பெரியம்மா எத்தனை நாள் தூங்கவில்லை என்பதையும் அது கேட்பதில்லை.

2005 முடிந்து 2006 பிறக்கும்போது தடைவலயம் தளர்ந்துவிட்டது. கரையோரப் பாதுகாப்புத் திட்டத்தின்படி இடத்துக்கு இடம் வேறுபடும் தூரமாக அது மாறியது. சுற்றுலா விடுதிகளுக்கோ தொடக்கத்திலிருந்தே விலக்குக்கு வழியிருந்தது. குடியிருந்தவர் கல் வைக்க முடியாத கரையில் ஹோட்டல் வரலாம் என்றால் இந்த வலயம் யாருக்காக என்று அறுகம்பையில் மீனவர்கள் கேட்டதற்கு அதுதான் காரணம். நாவலடி வளவைச் சுற்றி இன்று மதில் இருக்கிறது.

இதில் இன்னொரு இழப்பும் உண்டு, அதை ஆண்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. திராய்மடுவில் கிடைத்த வீட்டுக்கான படிவத்தில் குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம். அதில் பெரியப்பாவின் பெயர் போனது. கிழக்கில் பெண்கள் அமைப்புகள் கூட்டு உரிமை வேண்டுமென்று அந்த நாட்களிலேயே போராடிப் பார்த்தன. தாயிடமிருந்து மகளுக்கு வந்துகொண்டிருந்த வளவு ஒரு மாரிக்குள் விலைபோக, அதற்குப் பதிலாக வந்த வீடு பெண்ணின் பெயரில் இல்லாமல் போய்விட்டது. பெரியப்பா நல்ல மனிதர் என்பதால் எங்கள் குடும்பத்தில் அதனால் சண்டை வரவில்லை. எல்லா வீட்டிலும் அப்படி இருந்திருக்காது.

சட்டத்தரணி கேட்ட இரண்டு கேள்விகள்

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, அந்த உறுதியை ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கப் பெரியம்மாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போனோம். காலம் கடந்துவிட்டது என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். ஆனால் கதவைச் சாத்திவிடாமல், அந்தக் காலத்திலேயே வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பொறுமையாக விளக்கினார். அந்த அரை மணித்தியாலம்தான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்துவிட்டது.

நம் நாட்டில் ரோம-டச்சுச் சட்டத்தின் வழியாக வந்த ஒரு விதி இன்றும் உயிரோடு இருக்கிறது. லீசியோ எனோர்மிஸ் என்பார்கள். ஒரு காணி அதன் உண்மைப் பெறுமதியில் பாதிக்கும் குறைவான விலைக்குப் போயிருந்தால், விற்றவர் நீதிமன்றம் போய் விற்பனையை இரத்துச் செய்யக் கேட்கலாம். வாங்கியவர் ஒன்றில் காணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது விலையில் குறைந்த மிச்சத்தைக் கட்டிவிட்டு வைத்திருக்க வேண்டும். ரோமப் பேரரசர் தியோக்லீசியன் காலத்துக் கட்டளைகளில் வேர்விட்டது என்பார்கள். தென்னாபிரிக்கா இதை 1952இல் சட்டம் போட்டு எடுத்துவிட்டது, இலங்கை வைத்திருக்கிறது. இதைக் கேட்டதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாதி என்ன, பத்தில் ஒரு பங்குகூட எங்களுக்கு வரவில்லையே என்றாள்.

அப்போதுதான் அவர் முதல் கேள்வியைக் கேட்டார். "எந்த நாளின் பெறுமதியில பத்தில் ஒன்று?" விற்ற நாளின் பெறுமதியைத்தான் நீதிமன்றம் பார்க்கும். அந்த நாளில் அது கட்டடம் கட்டத் தடைசெய்யப்பட்ட நிலம். வீடில்லை, கிணறு உப்பு, பாதையில்லை, அயலில்லை. அன்றைக்கு அதைச் சந்தையில் விட்டால் யார் வாங்கியிருப்பார்கள்? மறுபக்கச் சட்டத்தரணி எழுந்து, உண்மையில் என் கட்சிக்காரர் பெறுமதிக்கு மேலேயே கொடுத்திருக்கிறார் என்று வாதாடலாம், கணக்குப்படி அது சரியாகவும் இருக்கலாம் என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பதறியது. கடல் வந்து விலையைக் குறைத்தது, அறிவித்தல் வந்து மிச்சத்தையும் குறைத்தது, அந்தக் குறைந்த விலையையே சட்டம் உண்மையான விலை என்று எடுத்துக்கொள்கிறது. அழிவில் சிக்கியவரைக் காக்க இருக்கும் ஒரே அளவுகோலை அந்த அழிவே வளைத்துவிடுகிறது. சாதாரண நாளில் யாராவது ஏமாற்றி வாங்கினால் அந்த விதி வேலை செய்யும். சுனாமிக்குப் பிறகு வேலை செய்யாது.

இரண்டாவது கேள்வியைப் பெரியம்மாவைப் பார்த்துக் கேட்டார். "அம்மா, விற்கக்குள்ள அந்தக் காணி எவ்வளவு பெறுமதி எண்டு உங்களுக்குத் தெரியுமா?" பெரியம்மா யோசிக்கவேயில்லை. "என்ன கதை இது? எங்கட அம்மா தந்த வளவு. அதுட அருமை எனக்குத் தெரியாமலா? என்ன செய்யிற மனே, வழியில்லாமத்தானே குடுத்தம்." சட்டத்தரணி பேனாவை மூடி வைத்தார். விலை தெரிந்தே விற்றவருக்கு அந்த விதி கைகொடுக்காது என்றார். அறியாமல் விற்றவரைத்தான் அது காக்கும். அறிந்தும் வழியின்றி விற்றவரை அது காக்காது. நீதிமன்றத்தில் ஏறி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல என் பெரியம்மாவால் ஒருநாளும் முடிந்திருக்காது. சொல்லச் சொல்லவும் நாங்கள் துணிந்திருக்க மாட்டோம்.

ஆசிரியருக்கு நான் கொடுக்க வேண்டிய பதில் இங்கேதான் இருக்கிறது. விருப்பத்தோடு விற்றார் என்கிறோம். ஒருவரின் விருப்பத்தை உண்மையான விருப்பம் என்று சொல்ல அவருக்கு இன்னொரு வழி இருந்திருக்க வேண்டும், யோசிக்க அவகாசம் இருந்திருக்க வேண்டும், எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்ததில் பாதியாவது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தகரக் கொட்டிலில் இந்த மூன்றும் இல்லை. கையெழுத்து மட்டும் இருந்தது.

ஜனவரி 6

2025 ஜனவரி 7ஆம் திகதி அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலஸ் பக்கம் காட்டுத்தீ பற்றியதை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். பசிபிக் பலிசேட்ஸ் என்ற செல்வந்தர்களின் ஊரும் எரிந்தது, கறுப்பினத்தவர் தலைமுறைகளாகச் சொந்த வீடு வைத்திருந்த அல்ட்டடீனாவும் எரிந்தது. சாம்பல் ஆற முதலே காணி வாங்குபவர்கள் தொலைபேசி எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரே கிழமைக்குள், ஜனவரி 14ஆம் திகதி, கலிபோர்னிய ஆளுநர் கவின் நியூசம் ஒரு நிறைவேற்றுக் கட்டளையில் கையெழுத்திட்டார். குறித்த அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில், உரிமையாளர் கேட்காமலே போய், சந்தைப் பெறுமதிக்குக் குறைவான விலைக்குக் காணி கேட்பது மூன்று மாதத்துக்குக் குற்றம். பிறகு காலத்தை நீட்டினார்கள். அதில் நான் திரும்பத் திரும்ப வாசித்த இடம் ஒன்றுதான்: எந்த நாளின் சந்தைப் பெறுமதி என்பதையும் கட்டளையே சொல்லிவிட்டது. ஜனவரி 6. தீக்கு முந்திய நாள்.

எங்கள் சட்டத்தரணி கேட்ட முதல் கேள்விக்கு எங்கோ ஒருவர் ஒரே வரியில் பதில் எழுதிவைத்திருக்கிறார். அழிவு வந்து கீழே தள்ளிய விலையை அளவுகோலாக எடுக்காதே, அழிவுக்கு முந்திய நாளின் விலையை எடு. அதற்கு முன்பே, 2023 ஓகஸ்ட் 8இல் ஹவாயின் லஹைனா எரிந்தபோதும் அந்த மாநில ஆளுநரின் அவசரகாலப் பிரகடனம் தீ பரவிய பகுதிகளில் அழைக்காமல் போய்க் காணி கேட்பதைத் தடைசெய்தது. இரண்டிலும் உரிமையாளர் தானாக விற்க முன்வந்தால் தடையில்லை. நாவலடியில் பெரியம்மாவின் அயலவர் ஒருவர் இனிக் கடலைப் பார்க்கவே மாட்டேன் என்று கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுச் செங்கலடிப் பக்கம் போய் நிம்மதியாக இருக்கிறார். அவர் விற்றதை நான் எப்படிப் பிழை சொல்வேன்? விற்கும் உரிமையில் கை வைக்கவே கூடாது. கொட்டில் கொட்டிலாகப் போய்த் தட்டுவதைத்தான் நிறுத்த வேண்டும்.

அங்கேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அல்ட்டடீனாவில் எரிந்த வெற்றுக் காணிகளைக் கம்பனிகள் பிறகு வாங்கத்தான் செய்தன. சட்டம் ஒரு ஊரை அப்படியே காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் மாதங்களில், ஆட்கள் இன்னும் பிணம் தேடிக்கொண்டிருக்கும் அந்த மாதங்களில், பைக்குள் போட்டோக்கொப்பியோடு ஒருவர் வருவதை அது குற்றமாக்கியது. எங்களுக்குத் தேவைப்பட்டது அந்த மாதங்கள்தான்.

அது பணக்கார நாடு, எங்களுக்குச் சரிவராது என்பவர்களுக்கு நம் சட்டப் புத்தகத்தையே காட்டலாம். 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தில் அரசாங்கம் காணியை எடுக்கும்போது எந்த நாளின் சந்தைப் பெறுமதியைக் கணக்கிடுவது என்பது எழுதியே இருக்கிறது, 7ஆம் பிரிவு அறிவித்தல் வெளியான நாள் என்று. அதாவது பெறுமதிக்கு ஒரு நாளைச் சட்டத்தால் குறிக்க முடியும். 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் காணாமற் போனவர்களின் மரணப் பதிவு, பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பராமரிப்பு போன்றவற்றுக்குச் சாதாரண நடைமுறையை விட்டு விலகித் தனி வழி செய்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இன்னும் நல்ல முன்னுதாரணம். பத்து வருடம் உரிமையாளருக்கு எதிராகத் தன் வசம் வைத்திருந்தால் காணி அப்படி வைத்திருந்தவருக்கே என்பது 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் விதி. யுத்தத்தால் தங்கள் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று பாராளுமன்றம் தீர்மானித்தது. ஓடிக்கொண்டிருந்தவரிடம் ஏன் வழக்குப் போடவில்லை என்று கேட்க முடியாது என்பதை நம் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதே நியாயத்தைக் கொட்டிலில் இருந்தவருக்கும் கொடுக்க என்ன தடை?

வெள்ளம் வேறு வழியில் எடுக்கும்

சுனாமியைப் போல வெள்ளம் ஒரே நாளில் காணியை விலைபோக வைக்காது. அது கடன் வழியாக வரும். 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வயல் எப்படி அழிந்தது என்று தெரியும். விதைநெல்லுக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் அப்படியே நிற்க, அடுத்த போகத்துக்கு மறுபடி காசு வேண்டும். வட்டிக்குக் கொடுப்பவர் ஈடு, அதாவது அடமானம், எழுதக் கேட்டால் பரவாயில்லை. பல பேர் கேட்பது அறுதி உறுதி, முழுதாக விற்றுவிட்டதாக எழுதும் பத்திரம். "இது சும்மா ஒரு பிணைக்குத்தான், காசைத் தந்தா திருப்பி எழுதித் தாறன்" என்பார்கள். அறுதியாக எழுதிக் கொடுத்துவிட்டு அதே வயலில் தொடர்ந்து வேலை செய்து, வட்டியும் கட்டி, கடைசியில் காணியும் போன ஆட்களை எனக்குத் தெரியும்.

இங்கே சட்டம் கொஞ்சம் பலமாகவே நிற்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு சொல்வது இதுதான்: சுற்றியிருந்த சூழ்நிலையைப் பார்க்கும்போது, எழுதிக் கொடுத்தவர் காணியின் பயனையும் விட்டுக்கொடுக்க எண்ணியிருப்பார் என்று நியாயமாகக் கருத முடியாவிட்டால், எழுதி வாங்கியவர் அதை முன்னைய உரிமையாளருக்காகவே வைத்திருப்பவராவார். உறுதியில் விற்பனை என்று எழுதியிருந்தாலும்தான். விலை மிகக் குறைவா, எழுதிக் கொடுத்த பிறகும் யார் ஆண்டார்கள், முத்திரைத் தீர்வையையும் நொத்தாரிசுச் செலவையும் யார் கட்டினார்கள், திருப்பி எழுதித் தருவதாகப் பேச்சிருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆகவே வட்டி கட்டிய துண்டு, நெல் விற்ற பில் என்று எதையும் எறியாதீர்கள். குறித்த காலத்துக்குள் மீட்கலாம் என்ற நிபந்தனையோடு எழுதிய உறுதியென்றால் கடன் இணக்கச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். 1941ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் அப்படியொரு சபை இருக்கிறது. ஆனால் மீட்கும் காலம் முடிவதற்கு முன்பே போக வேண்டும், முடிந்த பிறகு போய்ப் பயனில்லை. வழக்குக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, அதற்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் உண்டு.

அந்த விளம்பரத்தில் "உறுதி இல்லாவிட்டாலும் பேசலாம்" என்றிருந்ததே, அது அநேகமாக ஒப்பக் காணிகளை, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகளை, குறிவைத்த வரி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தோடு வழங்கிய காணியை நினைத்தபடி விற்க முடியாது, அப்படி விற்றது செல்லாது. கேட்கும்போது ஏழையைக் காக்கும் விதியாகத்தான் தெரியும். நடைமுறையில் ஒரு வெள்ளைத்தாளில் சமாதான நீதவானின் கையெழுத்தோடு காணி கைமாறிவிடும், செல்லாத விற்பனை என்பதாலேயே விலை இன்னும் அடிமட்டத்துக்குப் போகும். பிறகு மனம் மாறிப் பிரதேச செயலகத்தில் முறையிடலாமா என்று பார்த்தால், நிபந்தனையை மீறியது நீதானே என்று ஒப்பமே இரத்தாகிவிடுமோ என்ற பயம். இரண்டு பக்கமும் அடி.

மேலே சொன்ன பாதுகாப்பு எல்லாவற்றிலும் ஒரே குறைதான். எல்லாம் போன பிறகு மீட்கும் வழிகள். மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு காணி வழக்கு எத்தனை வருடம் போகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, வழக்காளி இறந்து பிள்ளைகள் பெயரில் தொடரும் வழக்குகளைப் பார்த்திருக்கிறோம். மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 83ஆம் பிரிவில் வெல்லக்கூடியவர் அந்தக் காணியைக் குறைந்த விலைக்கு விற்கும் நிலைக்கே வந்திருக்க மாட்டார்.

ஆகவே நான் கேட்பது முன்னால் நிற்கும் ஒரு விதியை. அனர்த்தம் என்று அரசாங்கம் பிரகடனம் செய்ததும், குறித்த கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில், குறைந்தது ஒரு வருடத்துக்கு, உரிமையாளர் அழைக்காமல் காணி கேட்டுப் போவது குற்றமாக வேண்டும். அந்தக் காலத்தில் எழுதும் உறுதிகளுக்கு விலை அனர்த்தத்துக்கு முந்திய நாளின் பெறுமதியோடு ஒப்பிடப்பட வேண்டும், அந்தப் பெறுமதி உறுதியிலேயே எழுதப்பட வேண்டும். விற்றவருக்கு மனம் மாறினால் காசைத் திருப்பிக் கொடுத்து மீட்க ஒரு தவணை வேண்டும், அந்தத் தவணை முடியும்வரை காணிப் பதிவகம் அடுத்த கைமாற்றத்தைப் பதியக் கூடாது. விலை தெரிந்து விற்றாயா என்ற கேள்வியே இங்கே எழக் கூடாது. டிட்வா வந்தபோது ஜனாதிபதி அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தினார், 2005 முதல் அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் இருக்கிறது, ஆகவே வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

முந்திய நாளின் பெறுமதியை யார் கண்டார் என்று ஆசிரியர் கேட்டார், இந்த யோசனையை அவரிடம் சொன்னபோது. விலைமதிப்புத் திணைக்களம் கண்டிருக்கிறது, சுவீகரிப்புக்கும் வரிக்கும் அவர்கள்தானே மதிக்கிறார்கள் என்றேன். உறுதியில் விலையைக் குறைத்து எழுதி முத்திரைத் தீர்வையில் மிச்சம் பிடிக்கும் பழக்கம் எங்கள் எல்லோரிடமும் இருக்கிறதே, அப்படியானால் பதிவுகளை எப்படி நம்புவது என்று அடுத்துக் கேட்டார். உண்மையான இடைஞ்சல்தான், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் பழைய உறுதிகளின் விலையை வைத்துக் கணக்கிடாமல் திணைக்கள மதிப்பீட்டாளர் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்கிறேன். நட்டஈடு கொடுக்க எப்படியும் ஒவ்வொரு வீடாக ஆள் போகத்தான் போகிறது, அதே படிவத்தில் இன்னும் ஒரு கட்டம்.

இதில் அவசரம் ஒன்று இருக்கிறது. மலையகத்தில் மண்சரிவு அபாயம் என்று இடங்களை அடையாளமிட்டு ஆட்களை எழும்பச் சொல்கிறார்கள். உயிரைக் காக்க அது தேவைதான். 2005இல் எங்கள் கரையில் 200 மீற்றர் என்று சொன்னதும் அப்படித்தான் தொடங்கியது. ஓர் இடத்தில் குடியிருக்கக் கூடாது என்று அரசாங்கம் அறிவிக்கும் நிமிடத்திலேயே அந்த இடத்தின் விலை விழுகிறது, விழுந்த விலையோடு வாசலுக்கு வர ஆள் இருக்கிறது, சில வருடத்தில் அந்த அறிவித்தல் தளரவும் கூடும். அபாய வலயத்தை அறிவிக்கும் அதே வர்த்தமானியில், வலயம் உறுதியாகும்வரை அங்கே அழைக்காமல் காணி கேட்பது தடை என்றும், அப்படி முடித்த உறுதியை விற்றவர் இரத்துச் செய்யலாம் என்றும், பெறுமதிக்கான திகதி இதுதான் என்றும் மூன்று வரி சேர்க்கட்டும்.